ஒரு சுழிக்கு இரண்டு கறுப்புக் கல்

முன்னொரு காலத்திலே சங்குத்துறை என்கிற கடற்கரை நாட்டைத் திருமேனிராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனா கடைசியாக யார் காதிலே ஓதினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு.

கடல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல அரண்மனையிலே இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் வித்தகராயர். பட்டு அங்கவஸ்திரம், கனத்த குரல். எப்போது கேட்டாலும் "கடல் பொதுவாகச் சாந்தம்" என்பார், இல்லாவிட்டால் "பொதுவாகச் சீற்றம்" என்பார். இன்னொருத்தி செண்பகவடிவு. காற்றும் நீரோட்டமும் பார்த்து, எந்தப் பாறைப் பக்கம் சுழி கிளம்பும் என்று இடம் குறித்துச் சொல்லுவாள். மீனவர்கள் அவளைக் கேட்டுத்தான் படகு இறக்குவார்கள். வித்தகராயருக்கு அது பொறுக்குமா?

போன மாசம் அவள், "சிப்பிப்பாறையிலே சுழி வரும், அந்தப் பக்கமே போகவேண்டாம்" என்றாள். மீனவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வித்தகராயரோ, "கடல் பொதுவாகச் சாந்தம் மகாராஜா. அதுவும் நம் முத்துப்படகு போவது பக்கத்து ஆமைப்பாறைக்கு. அவள் பேச்சுப்படி பார்த்தாலும் பயமில்லை" என்றார். ராஜா படகை அனுப்பிவிட்டான். சுழி வந்தது. சிப்பிப்பாறையிலே இல்லை, ஆமைப்பாறையிலே! முத்துக் குளிக்கப்போன ஆறு பேரும் கரை திரும்பவில்லை.

அந்த மனுஷன் வெட்கித் தலைகுனிய வேண்டாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபைக்கு வந்தார், பாருங்கள்! "எங்கள் இருவரில் யார் வாக்குச் சரி என்று சோதியுங்கள் மகாராஜா. தோற்றவர் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார். சபைத் தரையிலே கடற்கரையை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். தப்பான ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கறுப்புக் கல்.

"சுழி வந்த ஆமைப்பாறையை நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு கல்" என்றார் வித்தகராயர், பெரிய தியாகி மாதிரி. "இவளுக்கு இரண்டு. வராத இடத்திலே வரும் என்றாள், ஒன்று. வந்த இடத்தைச் சொல்லவில்லை, இரண்டு!"

ராஜாவும் தலையை ஆட்டிவிட்டு, "செண்பகவடிவு, நாளைக்குள் எல்லை தாண்டிப் போய்விடு" என்றான். எனக்கு இப்போது சொல்லும்போதும் வயிறு எரிகிறது. சுழி என்று வாயே திறக்காதவனுக்கு ஒரு கல்லாம், எச்சரித்தவளுக்கு இரண்டாம்!

அமைச்சர் சாத்தப்பர் மெல்ல எழுந்து வெளியே போய், வாசற்காவலன் பிச்சாண்டியின் காதிலே ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலே மடியிலே எதையோ மறைத்துக்கொண்டு சிம்மாசனத்துப் பக்கம் வந்த பிச்சாண்டி, "ஐயோ மகாராஜா! சிம்மாசனத்துக்கு அடியிலே பாம்பு!" என்று அலறினான்.

ராஜா ஒரே தாவலில் வித்தகராயர் தோளிலே தொற்றிக்கொண்டான். கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். தேடிப் பார்த்தால் சிம்மாசனத்துக்கு அடியிலே ஒன்றும் இல்லை. பக்கத்துக் கால்மணைக்கு அடியிலே இருந்து ஒரு தண்ணீர்ப்பாம்பு நெளிந்து வந்தது. ஆள்கள் அதைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள்.

"பிச்சாண்டி, என் உயிரைக் காப்பாற்றினாயடா!" என்று ராஜா முத்துமாலையைக் கழற்றினான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்று குறுக்கே வந்தார் சாத்தப்பர். "இவனுக்கு இரண்டு கல். இல்லாத இடத்திலே பாம்பு என்றான், இருந்த இடத்தைச் சொல்லவில்லை. இவனையும் நாடு கடத்துங்கள்."

"உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? ஒரு முழம் தள்ளியிருந்தால் என்ன? நான் எழுந்து ஓடினேனே, அது போதாதா?"

"மாலையை வித்தகராயருக்குப் போடுங்கள் மகாராஜா. அவரைக் கேட்டிருந்தால், 'அரண்மனையிலே பொதுவாகப் பாம்பு கிடையாது' என்றிருப்பார். ஒரே கல்தான். ஆனா நீங்கள் பாம்புக்கடியோடு உட்கார்ந்திருப்பீர்கள்!"

சபையிலே ஒருத்தர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். வித்தகராயர் ராஜாவைத் தோளிலே சுமந்தபடியே, "மொத்தக் கடலுக்கும் என் வாக்குச் சரிதானே?" என்று முனகினார்.

"சரிதான், யார் இல்லை என்றது?" சாத்தப்பருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தூரதேசத்துக்குக் கப்பல் கிளம்பும் மாசத்தைக் குறிக்க நீங்கள் போதும். கட்டுமரக்காரன் மொத்தக் கடலிலேயா ஐயா வலை வீசுகிறான்? ஒரு பாறைப் பக்கத்திலே வீசுகிறான்! அவனுக்குச் சொல்லும் வாக்கை அவன் அளவிலே சோதிக்க வேண்டும். அதையும் ஒற்றைக் கட்டமாகப் பார்க்காமல் அக்கம்பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் சுழி வராவிட்டால் அப்போது வையுங்கள் கல்லை!"

ராஜா தோளிலிருந்து இறங்கி வந்து செண்பகவடிவின் கட்டத்திலிருந்த கற்களைத் தன் கையாலேயே பொறுக்கி எறிந்தான். முத்துமாலையை அவளுக்கே கொடுத்தான். படகு இறக்கலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் இனி அவளுடையது என்றான். அப்புறம் திரும்பி, "வித்தகராயரே, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டான்.

"பொதுவாகச் சாந்தம், மகாராஜா."

"ரொம்ப நல்லது. இன்றைய முத்துப்படகிலே நீங்களும் ஏறுங்கள்."

வித்தகராயர் சபை பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் செண்பகவடிவிடம் ஓடி, "தாயே, இன்றைக்கு எந்தப் பாறைப் பக்கம் சுழி? சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாய்ப் போகும்!" என்று கெஞ்சினார்.

செண்பகவடிவு மாலையைக் கழுத்திலே போடாமல் கையிலேயே பிடித்திருந்தாள். "தெற்குப் பாறைப் பக்கம் போகாதீங்க ஐயா, அதன் சுற்றுவட்டாரம் எதுவும் வேண்டாம்" என்றாள். "இந்தக் கேள்வியை நீங்க போன மாசம் கேட்டிருந்தா, அந்த ஆறு பேரும் இப்போ வீட்டிலே சோறு தின்னுக்கிட்டு இருப்பாங்க."

வித்தகராயர் இப்போதுதான் வெட்கித் தலைகுனிந்தார். படகை அனுப்பிய ராஜாவும் குனிந்தான்.