கோணமடைக் கூடமும் அசைந்தால் எரியும் லைட்டும்

கோணமடைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் சொன்னபடியே செய்வார்கள். சொன்னதற்கு ஒரு இம்மி கூட்டவும் மாட்டார்கள், ஒரு இம்மி குறைக்கவும் மாட்டார்கள். வம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அந்த ஊர்ப் பொதுக்கூடத்துக்குச் செயலாளர் ஆவுடையப்பன். நல்ல மனுஷன். அவரைவிட நல்லது அவருடைய மீசை. முப்பது வருஷமாக விளக்கெண்ணெய் தடவி வளர்த்தது. தெருமுனையில் முதலில் மீசை திரும்பும், பிறகுதான் ஆவுடையப்பன் திரும்புவார் என்று ஊரில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மீசையை மனுஷன் ஒருநாள் பந்தயத்தில் வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிற பொதுக்கூடத்துக்கு ஒரு கேடயம் என்று அறிவிப்பு வந்தது. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டே கூடங்கள். ஒன்று வேப்பங்குளம். இன்னொன்று கோணமடை. கோணமடை எப்படி அவ்வளவு தூரம் வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு அணில் ஒயரைக் கடித்து வைத்ததில் பத்து மாசமாகக் கூடத்தில் கரண்டே இல்லை. கடைசி ஒரு மாசம் ஒழுங்காகப் போட்டி போட வேண்டும் என்று ஒயரைச் சரிபண்ணினார்கள்.

வேப்பங்குளம் கூடத்துக்குத் தலைவர் பிரமநாயகம். ஆவுடையப்பன் வீட்டம்மா உலகம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அக்கா வீட்டுக்கு வந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அத்தான், கேடயத்தை மாட்ட எங்க கூடத்துல ஆணி அடிச்சாச்சு" என்றார்.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. "மாப்ள, கேடயம் கோணமடைக்கு வரல்லைன்னா, எங்க கூடத்துல, எல்லாரும் பாக்க, ஒரு மீசை கீழ விழும். போதுமா?"

"ரெண்டு பேரும் மொதல்ல இட்லியைத் தின்னுங்க" என்றாள் உலகம்மாள்.

சொல்லிவிட்டாரே தவிர, கை கழுவின ஈரத்தோடேயே உள்ளே போனார். கண்ணாடியில் மீசையைப் பார்த்தார். அதற்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

அந்த வாரமே மின் சிக்கன எஞ்சினியர் செண்பகவல்லி அம்மா வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாலு பெரிய கண்ணாடிச் சன்னல், அழுக்கேறிய சுவர், பத்து டியூப்லைட்டு.

"சுவருக்கெல்லாம் வெள்ளை அடிங்க. வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பத்து லைட்டு எரியிற இடத்துல நாலு போதும். ரெண்டாவது, உள்ள ஆள் இல்லன்னா லைட்டை அணைச்சிரணும். மூணாவது, ஒரு புது லைட்டு அனுப்பி வைக்கேன். ஆள் அசைஞ்சா எரியும், அசையலைன்னா அதுவா அணைஞ்சிரும். மாசக் கடைசியில வந்து மீட்டரைப் பாக்கேன். எந்த ஊர்ல கம்மியோ, அந்த ஊருக்குக் கேடயம்."

மூன்றையும் ஆவுடையப்பன் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் அவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. அங்கே மீசை போகும் என்கிற பயம் இல்லை.

வெள்ளையடிக்கிற அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது. கமிட்டித் தலைவர் சொரிமுத்து, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"செயலாளரே, சன்னல் சுவர்ல சேர்த்தியா, இல்லியா?"

"சன்னல் எதுல இருக்கு?"

"சுவர்லதான்."

"அப்ப சேர்த்திதான். விட்டுப் போச்சுன்னு நாளைக்கு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லப்பிடாது."

நாலு சன்னல் கண்ணாடிக்கும் மும்மூன்று பூச்சு அடித்தார்கள். உள்ளே பட்டப்பகலில் கை தெரியவில்லை. பத்து டியூப்லைட்டையும் போட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். சன்னலில் பட்ட வெயில் பளீரென்று தெருவில் அடித்தது.

"சத்தியமான வார்த்தைவே" என்றார் சொரிமுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "வெளிச்சத்தை வச்சிக்கிடாம அப்படியே திருப்பித் தருது பாத்தீரா."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டார்.

அடுத்தது இரண்டாவது யோசனை. உள்ளே ஆள் இல்லையென்றால் லைட்டை அணைக்க வேண்டும். சாயங்காலம் எல்லாரும் வெளியே வந்தபிறகு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவரக் கமிட்டி உறுப்பினர் நெல்லையப்பனை அனுப்பினார்கள். ரொம்ப நேர்மையான ஆள். உள்ளே போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஒரு ஆள் இருக்கு அண்ணாச்சி."

"யாருவே அது?"

"நான்தான்."

வெளியே யோசித்தார்கள். ஒருத்தர் சொன்னதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று சொரிமுத்துவும் உள்ளே போனார்.

"இப்ப ரெண்டு பேரு இருக்கோம்" என்று அவர் குரல் வந்தது.

"கூட்டம் கூடிக்கிட்டேல்லா போகுது" என்றார் ஆவுடையப்பன் கவலையோடு. "தலைவர் மட்டும் வெளிய வாரும். நெல்லையப்பன் உள்ளயே இருக்கட்டும். ஆள் இல்லாமப் போற நேரம் பாத்து அவரு நமக்குச் சொல்லட்டும்."

நெல்லையப்பன் பாயும் கூஜாவும் கொண்டுவந்து கூடத்தில் குடியேறினார். ஆள் இல்லாமல் போகிற நேரம் வரவேயில்லை. பத்து நாள், ராவும் பகலும், பத்து லைட்டும் எரிந்தன. சாப்பாடு வீட்டிலிருந்து வந்தது. சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, "எப்ப வீட்டுக்கு வாரிய?" என்று கேட்டாள். "இங்க யாரும் இல்லன்னு உறுதியானதும் வாரேன்" என்றார்.

பதினோராம் நாள் புது லைட்டு வந்தது. பத்து டியூப்லைட்டையும் கழற்றித் துணி சுற்றிப் பரணில் வைத்தார்கள். கூடத்து நடுவில் புது லைட்டு தொங்கியது. நெல்லையப்பன் அசைந்தபோது எரிந்தது. அவர் கண்ணசந்தபோது அணைந்தது. இருட்டில் விழித்து, பயந்து எழுந்திரித்தால் மறுபடி எரிந்தது.

கமிட்டி கூடியது. விஷயம் லேசுப்பட்டதில்லை.

"ஆள் இல்லன்னா அணைக்கணும்னுதான் அந்தம்மா சொன்னா" என்றார் சொரிமுத்து. "ஆள் இருக்கும்போது அணையலாம்னு சொல்லலியே."

"நானும் எம்புட்டு நேரந்தான் கையைக் காலை ஆட்டுவேன் அண்ணாச்சி. தோள்பட்டை கழண்டு போச்சு" என்றார் நெல்லையப்பன்.

ஆவுடையப்பன் மீசை நுனியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். உயிர் போகிற யோசனை. பிறகு தன் பழைய வேட்டி ஒன்றை மூலையில் கொடி கட்டித் தொங்கவிட்டார். அதற்கு நேரே ஒரு ஃபேனை வைத்துச் சுவிட்சைப் போட்டார். வேட்டி படபடவென்று ஆடியது. அசைவைக் கண்டுபிடிக்கிற லைட்டின் கண்ணை அந்த மூலையை மட்டும் பார்க்கும்படி திருப்பிக் கட்டினார். லைட்டு நின்று எரிந்தது.

"ஃபேனுக்குக் கரண்டு செலவாகுமே" என்று நெல்லையப்பன் இழுத்தார்.

"போட்டி லைட்டுக்குத்தான்வே. ஃபேனைப் பத்தி அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னாளா?"

சொல்லவில்லைதான். இருபது நாள் ஃபேன் ஓடியது, வேட்டி ஆடியது, லைட்டு எரிந்தது, நெல்லையப்பன் நிம்மதியாகத் தூங்கினார்.

மாசக் கடைசியில் காலை பத்து மணிக்கு எஞ்சினியர் அம்மா கேடயத்தோடு வந்து இறங்கினார். கூடவே ஒரு போட்டோக்காரர். புதுச்சட்டை போட்டுக்கொண்டு பிரமநாயகமும் வந்திருந்தார். அவருக்கும் மீசை உண்டு. அத்தான் மீசை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு கௌரவமானது. சலூன்காரர் மாரியப்பனையும் ஒரு முன்யோசனையாகக் கூட்டி வந்திருந்தார்.

எஞ்சினியர் அம்மா வாசலில் நின்று, "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் இல்லாமப் போகல்லம்மா" என்றார் நெல்லையப்பன், உள்ளேயிருந்து.

அம்மா மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வேப்பங்குளம் நாற்பத்தொரு யூனிட். கோணமடை நூற்றிருபத்தெட்டு. சன்னலைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். போய் ஃபேனை அணைத்தார். வேட்டி தொய்ந்தது. கூடம் இருண்டது. ஊர்ஜனம் முழுக்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் அந்த வழியாகவும் வெளிச்சம் வரவில்லை.

"கேடயம் வேப்பங்குளத்துக்கு" என்று இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது.

இருட்டில் ஆவுடையப்பனின் கை மீசையைப் பொத்திக்கொண்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான். தடவித் தடவி நடுக்கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய வெயில்ல உக்காந்து எடுக்கலாமே" என்றார் அம்மா.

"கூடத்துலன்னு சொல்லிட்டேன் தாயி" என்றார் ஆவுடையப்பன்.

"எல்லாரும் பாக்கன்னும் சொன்னீங்க அத்தான்" என்றார் பிரமநாயகம். "வெளிச்சம் வேணும்லா. நகருங்க, நானே அசையுதேன்." அவர் வேட்டி தொங்கிய மூலைக்குப் போய் இரண்டு கையையும் வீசினார். லைட்டு எரிந்தது. மாரியப்பன் நுரை போட்டுக் கத்தியைத் தீட்டினார். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சினியர் அம்மா இதையெல்லாம் பார்க்கச் சகிக்காமல், ஒரு சன்னல் பக்கம் திரும்பி வெள்ளையைச் சாவியால் சுரண்ட ஆரம்பித்தார்.

மாரியப்பன் கத்தி தீட்டுவதில் நிதானமான ஆள். பிரமநாயகமோ கனத்த சரீரம். இருபது வீச்சு வீசியதும் மூச்சு இரைத்தது. கை தொங்கியது. லைட்டு போயிற்று.

"மாப்ள, களைச்சிட்டீரு" என்றது ஆவுடையப்பனின் குரல். எவ்வளவு துக்கத்திலும் மச்சினன் கஷ்டப்படப் பொறுக்காத மனசு அது. "நீரு வந்து இதுல உக்காரும். கொஞ்ச நேரம் நான் அசையுதேன்."

அவர் எழுந்திருந்து மூலையைத் தேடிப் போனார். பிரமநாயகம் வந்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். கூடத்துக்கு நாலு மூலை. ஆவுடையப்பன் முதல் மூலையில் நின்று கையை வீசினார், ஒன்றும் எரியவில்லை. இரண்டாவது மூலையில் நெல்லையப்பனின் கூஜாவை உதைத்தார். அதற்குள் மாரியப்பன் இருட்டில் நாற்காலியைத் தடவி, மீசையைக் கண்டுபிடித்து, "நுரை காஞ்சு போச்சே" என்று இன்னொரு தடவை போட்டுக் கத்தியை வைத்தார். கத்தி உதட்டுக்கு மேலே இருக்கும்போது எந்தச் சூரனும் வாயைத் திறக்க மாட்டான்.

ஆவுடையப்பன் சரியான மூலைக்கு வந்து கையை வீசினார். லைட்டு எரிந்தது. பிரமநாயகத்துக்கு இடது பக்கத்து மீசை இல்லை.

உலகம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து, "எந்தம்பி" என்றாள்.

சொரிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "செயலாளர் சொன்னது என்ன? இந்தக் கூடத்துல ஒரு மீசை கீழ விழும்னாரு. யாரு மீசைன்னு சொல்லலை. விழுந்திருக்கது அரை மீசை. இன்னும் அரை பாக்கி."

"அந்த அரை என்னுது" என்றார் ஆவுடையப்பன். "மாப்ள ஒருத்தரே முழுசும் கொடுக்கணும்னு என்ன தலையெழுத்தா?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. வலது பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நெல்லையப்பன் மூலையில் நின்று வீச, மாரியப்பன் எடுத்தார். அரையும் அரையும் ஒன்று. பிரமநாயகமும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். அதில் அவரால் குற்றம் சொல்ல முடியவில்லை.

இனி கேடயத்தோடு போட்டோ எடுக்க வேண்டும். பிரமநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்றார். "அரை மீசையோட எப்படி நிக்க? அத்தான், நீங்களும் வாங்க. உங்ககிட்ட இடது இருக்கு, எங்கிட்ட வலது இருக்கு. கன்னத்தோட கன்னம் வச்சி நின்னா முழுசாயிரும்."

இப்படியாக ஆவுடையப்பன் கையிலும் கேடயம் வந்தது. இருவரும் ஒட்டி நின்றார்கள். ஊர்க்காரர்கள் பார்த்து, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார்கள். எஞ்சினியர் அம்மா சுரண்டிய இடத்தில் காசளவு வெயில் உள்ளே விழுந்தது. வெள்ளை போய்விட்டதே என்று சொரிமுத்து பிரஷ்ஷைக் கொண்டுவந்து அதை அடைத்தார்.

போட்டோக்காரர் ஃபிளாஷை எடுத்தார்.

"அது வேண்டாம்" என்றார் ஆவுடையப்பன் கண்டிப்பாக. "சிக்கனத்துக்கு வாங்கின கேடயம்."

"சரி. அப்ப யாரும் அசையாதீங்க" என்றார் போட்டோக்காரர்.

யாரும் அசையவில்லை. மூலையில் நெல்லையப்பனும் கையைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார்.

அந்தப் போட்டோ இன்றைக்கும் கோணமடைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. மூன்றடி அகலம், முழுக்கக் கன்னங்கரேல். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் ஆவுடையப்பன் நெல்லையப்பனை மூலையில் நின்று கை வீசச் சொல்லிவிட்டு, போட்டோவின் நடுவில் விரலை வைத்துக் காட்டுகிறார். "இதுல பாருங்க, மீசையில ஒட்டுப் போட்ட இடமே தெரியாது."