வாடாமல்லி மணத்தைக் கொடுத்தது

பூக்களுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கடலோரத்து ஊர் ஒன்றில் முத்திருளாயி என்றொரு பெண் இருந்தாள். அவள் புருஷன் சாத்தையா சங்கு குளிக்கத் தூரத்துத் தீவுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் மகள் செம்பாயியும்தான்.

மழைக்காலத்தில் செம்பாயி காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து நடக்க முடியவில்லை. ஆனாலும் பாயில் சாய்ந்தபடி, ஆத்தா பறித்து வந்த பூக்களை நாரில் கோர்த்து வாசலுக்கு ஒரு தோரணம் செய்தாள்.

“அய்யா வரும்போது இது வாசல்ல தொங்கணும் ஆத்தா. வாடியிருக்கக் கூடாது.”

“வாடாது. நான் பாத்துக்கிறேன்” என்றாள் முத்திருளாயி. பிள்ளையின் மனசு நோகக் கூடாதே என்று சொன்ன வார்த்தை அது.

மறுநாள் விடியும்போது செம்பாயி இல்லை.

அடக்கம் முடித்து வந்து பார்த்தால், தோரணத்தில் பிச்சிப்பூ பழுத்துச் சுருங்கியிருந்தது. சாமந்தி தலை சாய்ந்திருந்தது. முத்திருளாயி அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

“அவ கை பட்டதுல இது ஒண்ணுதான் மிச்சம். அவ அய்யா வர்ற வரைக்குமாவது இருக்க மாட்டீங்களா?”

“எங்களுக்கு விதிச்சது ஒரு பொழுதுதான் தாயி” என்றது பிச்சி.

தோரணத்தின் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் உருண்டை உருண்டையாக இருந்த மல்லிச் சரம் வாய் திறந்தது. அந்நாளில் அதற்குப் பிச்சியைவிட மணம் அதிகம்.

“நான் இருக்கேன். எங்களை அழுகிப்போக வைக்கிறது உள்ளே இருக்கிற ஈரம். வெயில் படாம, காத்தோட்டமான நிழல்ல என்னைத் தலைகீழாத் தொங்கவிடு. காத்து ஈரத்தை எடுத்துக்கும். நிறம் நிக்கும்.”

“மணம்?”

“ஈரத்தோட அதுவும் போயிரும். என் விதையில முளைக்கிற எதுக்கும் இனி மணம் இருக்காது.”

“மணமில்லாத பூவை யார் தலையில வைப்பாங்க?” என்று பிச்சி கேட்டது.

“வைக்க வேண்டாம்” என்றது மல்லி.

முத்திருளாயி தயங்கினாள். தன் ஒரு பிள்ளைக்காக ஒரு குலமே மணத்தை இழக்க வேண்டுமா என்று நினைத்தாள். ஆனால் மகளுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியவில்லை. மற்ற பூக்களை உருவிவிட்டு, மல்லியை மட்டும் நாரோடு உத்திரத்தில் தலைகீழாகக் கட்டினாள். வீடெல்லாம் மணந்தது. பிறகு அது நாளுக்கு நாள் குறைந்து, ஒரு காலையில் அறவே நின்றுபோயிற்று. நிறம் மட்டும் அப்படியே இருந்தது. எடுத்து வாசலில் மாட்டினாள்.

சாத்தையா திரும்பியபோது கோடை. தோரணத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“இன்னைக்குத்தான் கோர்த்தாளா? செம்பாயி, வெளிய வா தாயி. அய்யா வந்துட்டேன்.”

முத்திருளாயி மட்டும் வெளியே வந்தாள். அவன் சிரித்துக்கொண்டே தோரணத்தைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனான். மணம் இல்லை. விரலுக்குள் பூ சருகாகச் சரசரத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“எப்போ?” என்றான்.

“போன மழையில.”

அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தோரணத்தைக் கையிலிருந்து விடவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் அந்த மல்லியை வாடாமல்லி என்று அழைக்கலானார்கள். இன்றும் அதை நிழலில் உலர்த்தி மாலையும் தோரணமும் கட்டி வைக்கிறோம்; ஆண்டு போனாலும் நிறம் போவதில்லை. மோந்து பார்த்தால்தான் அதில் ஒன்றுமே இல்லை.