ஒரு விரல் கனம்

“நாளைக்குக் காலைல என் மக வர்றா மேஸ்திரி. அவ ரூம்ல தரை நடுவுல மேடு தட்டிப் போச்சு. என்ன பண்றதுன்னே தெரியல.”

பொன்னுரங்கம் போனில் அழாத குறையாகச் சொன்னார்.

மேஸ்திரி மரியசெல்வி அவரைவிட இருபது வயது சின்னவள். குன்னூர் பங்களாக்களில் பழைய பலகைத் தளத்தின் மேல் புது மரத் தரை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தேயிலை ஆபீஸில் ஓய்வு பெற்ற கையோடு, ஊரே சிரிக்க, அவளிடம் தொழில் கற்கப் போனவர் பொன்னுரங்கம். மகள் சுகன்யாவின் அறைக்குத் தன் கையாலேயே தேக்குப் பலகை பதித்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண் பார்க்க ஆட்களை வரவழைத்தார். அன்றைக்கே ஓசூருக்குப் பஸ் ஏறியவள் நாளைக்குத்தான் திரும்பி வருகிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இதையும் அவளிடம் சொல்லவில்லை; தன் தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனிதர் சில விஷயங்களில் தேறவே மாட்டார்.

மரியசெல்வி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் மேல் நடந்து பார்த்தாள். பலகை முனகியது.

“இன்னும் நாலு ஆணி அடிச்சா அமுங்கிடுமா?”

“அடிங்க.”

அடித்தார். அமுங்கியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் ஜன்னலோரம் இன்னொரு மேடு கிளம்பியது.

“இதுக்கும் அடிக்கவா?”

அவள் மண்டியிட்டாள். சுவரோரப் பட்டையைக் கழற்றினாள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை.

“ஊரார் வீட்டுலெல்லாம் சுவரோரம் ஒரு விரல் கனம் இடம் விட்டீங்களே?”

“விட்டேன்.”

“இங்க?”

“என் மக ரூமாச்சே மேஸ்திரி. ஒரு எறும்புகூட நுழையக்கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சு அடிச்சேன்.”

“ஒரு வாரமா மழை. பலகை ஈரம் குடிச்சுப் பெருக்கும். பெருத்தா எங்க போகும்?”

பொன்னுரங்கம் மேட்டைப் பார்த்தார்.

அவள் புது ஆணிகளைப் பிடுங்கிப் போட்டாள். நாலு சுவரோரமும் பலகையை ஒரு விரல் கனத்துக்கு அறுத்தெடுத்தாள்.

“இனி தானா இறங்கும். சுத்தியலைத் தொடாதீங்க.”

“நாளைக்குள்ள இறங்கிடுமா?”

“அது பலகையோட இஷ்டம்.”

போன் அடித்தது. சுகன்யா.

“அப்பா, ஞாயித்துக்கிழமை யாரையாவது வரச் சொல்லியிருக்கீங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. இன்னொரு கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மெல்லக் குனிந்து அதைக் கீழே வைத்தார்.

“சொல்லியிருந்தேன்மா. வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்.”

  அவருக்குக் கெஞ்ச வேண்டும் போல இருந்தது. கெஞ்சவில்லை.

“அத்தை காலைலயே எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா,” என்றாள் சுகன்யா. “நான் வரலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“சரிம்மா.”

“ஏழு மணிக்கு வந்துடறேன்.”