முதுகுப் பக்கம் ஊதுற கொம்பு

ஒரு ஊர்ல ஒரு பனி இருந்துச்சு. ராஜாவெல்லாம் கிடையாது, பேசாம படு. மலை மேல ஒரு தேயிலைத் தோட்டம், அந்தத் தோட்டத்துக்குன்னே ஒரு பனி. மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விடுறதுக்குள்ள குப்புன்னு ஏறி வந்துடும். வந்துச்சுன்னா நீ நீட்டின கை உனக்கே தெரியாது. கொழுந்து பறிக்கப் போனவங்க எல்லாம், எந்தப் பக்கம் வீடு எந்தப் பக்கம் பள்ளம்னு தெரியாம அப்படியே நின்னுடுவாங்க.

ம் சொல்லு. சொல்லாட்டி பெரியம்மா நிறுத்திடுவேன்.

"ம்."

ஆங். தோட்டத்து ஓரத்துல ஒரு பள்ளம். அதோட அடியை யாரும் பார்த்ததில்ல. கல்லைத் தூக்கிப் போட்டா விழுந்த சத்தமே வராது, காதைத் தீட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதனால பனி இறங்கினா ஜனங்களை வீட்டுக்குக் கூப்பிட ஒரு ஆள் இருந்தான். பேரு சந்தியாகு. மாதா கோயில் பேண்டுல கொம்பு ஊதுறவன். பிரெஞ்சு ஹார்ன்னு பேரு அந்தக் கொம்புக்கு.

பஸ் ஹாரன் இல்லடி! இது பித்தளைக் குழாய். நீட்டிப் பிடிச்சா நம்ம வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் வரும், அவ்வளவையும் முறுக்கு மாதிரி சுத்தி வச்சிருப்பாங்க. ஒரு முனையில சின்னதா வாய் வைக்கிற இடம், இன்னொரு முனை ஆப்பச்சட்டியை விட அகலமா விரிஞ்சு கிடக்கும். சும்மா காத்தை ஊதினா உஸ்ஸுன்னு போகும், அவ்வளவுதான். உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு அதிர விடணும். எங்க, நீ பண்ணு. புர்ர்ர்ர்... ஏய், மூஞ்சியில எச்சில் தெறிக்குது! அந்தப் புர்ர்ர் உள்ள போயி, குழாய்க்குள்ள இருக்கிற காத்து முழுசையும் ஆட்டி, அந்த முனையில பூஉஉஉம்ம்ம்னு வெளிய வரும்.

அப்புறம் அந்தக் கொம்புல ஒரு வேடிக்கை. மத்ததெல்லாம் ஊதுறவனுக்கு முன்னாடி சத்தம் போடும், இது முதுகுப் பக்கம் போடும். அகலமான வாய் பின்னாடி பார்த்துக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள வலது கையை விட்டுக்கிட்டுத்தான் ஊதணும். அதனால சந்தியாகு என்ன பண்ணுவான், பாறை மேல ஏறி, பள்ளத்தைப் பார்த்து நிப்பான். தோட்டத்துக்கு முதுகைக் காட்டுவான். அப்போதான் சத்தம் தோட்டத்துக்குள்ள நேரா போகும், ஜனங்க அதைப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க.

ஆனா யார் வந்தாங்க, யார் வரலன்னு அவனுக்குத் தெரியாதுல்ல? பார்க்கிறது பள்ளத்தையாச்சே. அதனால ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. பாறைக்குக் கீழ கங்காணி தலையை எண்ணுவார். கடைசியா வர்ற ஆள் மேல ஏறிப்போய், சந்தியாகு முதுகைத் தொட்டு, "எல்லாரும் வந்தாச்சு"ன்னு சொல்லணும். அப்போதான் கொம்பை இறக்குவான். சொல்லாட்டி விடிய விடிய ஊதுவான், அப்படி ஒரு ஆளு.

"ம்."

ஒரு நாள் பனின்னா பனி, அப்படி ஒரு பனி. பூஉம்ம்... பூஉம்ம்... எல்லாரும் வந்துட்டாங்க. கடைசியா வந்தது ஒரு வயசான அம்மா. பாதி வழி ஏறுறப்போ சத்தம் நின்னுபோச்சு. மூச்சு வாங்குறான் போலன்னு நினைச்சுக்கிட்டு மேல ஏறி, முதுகைத் தொடலாம்னு கையை நீட்டினா.

முதுகு இல்ல.

பாசி வழுக்கிடுச்சு. ஆளும் போயிட்டான், கொம்பும் அவனோடவே போயிடுச்சு. விழுந்த சத்தம்கூட யாருக்கும் கேக்கல.

கிட்ட வா. காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ.

அப்புறம் யாரும் அங்க கொம்பு ஊதல. பனி வந்தா டங்கு டங்குன்னு தகரத்தைத் தட்டினாங்க. சந்தியாகுவோட பொண்டாட்டி சிசிலியா, பாவம், அந்தப் பாறைப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. ஒரே மக அவளுக்கு, ஜெசிந்தா, உன் வயசுதான் இருக்கும். உன்னை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு, குறுக்கு வழியில போறேன்னு தேயிலைக்குள்ள புகுந்துடுச்சு. குப்புன்னு பனி.

தகரம் தட்டினாங்க. எல்லாரும் வந்தாங்க, ஜெசிந்தா வரல. சிசிலியா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, வாயைத் திறந்தா காத்துதான் வருது. அப்போ ஓடினா மாதா கோயிலுக்கு. பேண்டுப் பெட்டியில இன்னொரு பழைய கொம்பு கிடந்துச்சு. அவளுக்கு ஊதத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சந்தியாகு கத்துக் குடுத்திருந்தான், பக்கத்துல உக்கார அவனுக்கு வேற சாக்கு கிடைக்கல.

கொம்பைத் தூக்கிக்கிட்டு பாறை மேல ஏறினா. ஏறினவ பள்ளத்தைப் பார்த்து நிக்கணும்ல? நிக்கலடி. புருஷனைத் தின்ன பள்ளத்தை எப்படிப் பார்ப்பா? பிள்ளை இருக்கிறது தோட்டத்துப் பக்கம், பெத்தவ கண்ணு அங்கதானே போகும். பள்ளத்துக்கு முதுகைக் காட்டிட்டு, தோட்டத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு ஊதினா.

பூஉஉம்ம்ம்.

நிறுத்திக் காது குடுத்துக் கேட்டா. பள்ளத்துப் பக்கமிருந்து திரும்பி வந்துச்சு. பூஉஉம்ம்ம். சரி, எதிர்மலையில மோதித் திரும்புது, எதிரொலின்னு நினைச்சுக்கிட்டா. நீயும் அப்படித்தானே நினைச்சிருப்பே?

"ம்."

திரும்பத் திரும்ப ஊதினா. அப்புறம் நீளமா, மூச்சு இருக்கிற வரைக்கும் ஒரு ஊத்து ஊதினா. பூஉஉஉஉ... அவ மூச்சு முடியுறதுக்குள்ளயே அங்கேருந்தும் கிளம்பிடுச்சு. ரெண்டு சத்தமும் ஒண்ணா சேர்ந்தப்போ காத்து நடுங்குச்சு. வுவ்வு... வுவ்வு... வுவ்வு... பல்லு கூசுற மாதிரி.

சிசிலியா கொம்பை வாயிலேருந்து எடுத்துட்டா. ஏன்னா அந்த நடுக்கம் என்னன்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு கொம்பு கிட்டத்தட்ட ஒரே சுருதியில, ஆனா ஒட்டாம ஊதினாத்தான் அப்படி வரும். எதிரொலின்னா அவ சுருதியிலதானே வரணும்? இது கீழ இருந்துச்சு.

சந்தியாகு கத்துக் குடுத்தப்பவே சொல்லியிருக்கான். "சில்லுன்னு கிடக்கிற கொம்பு சுருதி இறங்கித்தான் பேசும், சிசிலி. ஊத ஊத நம்ம மூச்சு பட்டு உள்ள இருக்கிற காத்து சூடாகும், சுருதி தானா ஏறும். பூசைக்கு முன்னாடியே நாங்க ஊதிக்கிட்டு உக்காந்திருக்கிறது அதுக்குத்தான்."

அவ கொம்பு சூடாகி ஏறிடுச்சு. அங்க ஊதுற கொம்பு ஏறவே இல்ல. அதுவும் இவ்வளவு நேரமா ஊதிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா ஆரம்பிச்ச இடத்துலயே நிக்குது. அதை ஊதுற மூச்சுல சூடு இல்ல.

ம் சொல்ல வேண்டாம், கையைப் பிடிச்சுக்கோ.

அப்போ தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். சளப், சளப், சளப். ரப்பர் செருப்பு! ஜெசிந்தாவோட செருப்பு!

"அம்மா! அந்தப் பக்கமா இருக்கே? இதோ வர்றேன்மா!"

சளப், சளப்னு பாறையைத் தாண்டிப் போகுது. பள்ளத்தைப் பார்த்துப் போகுது! இவ ஊதினதும் பள்ளத்துல போயி விழுது, அதுவும் அங்கேருந்து கூப்பிடுது, பிள்ளை வேற எங்க போகும்? சிசிலியா "நில்லு"ன்னு கத்தப் பார்க்கிறா. ஹ்ஹ்ன்னு வெறும் காத்து. ஓடிப்போய்ப் பிடிக்கலாம்னா செருப்புச் சத்தம் எந்தப் பக்கம்னு பனிக்குள்ள பிடிபடல.

அப்போதான் அவளுக்குப் புத்தி வந்துச்சு. பிள்ளையைக் கூப்பிடணும்னா பிள்ளைக்கு முதுகைக் காட்டணும்.

திரும்பினா. பள்ளத்துக்கு நேரா மூஞ்சியை வச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கொம்போட வாயைத் தோட்டத்துக்குக் காட்டி, ஊதினா பாரு ஒரு ஊத்து. பூஉஉஉஉஉம்ம்ம்! பாறையே அதிர்ந்துச்சு. ஊதிக்கிட்டே கண்ணைத் திறந்தா.

எதிர்ல, பாறை முடிஞ்சு ஒரு எட்டுக்கு அந்தாண்ட, கீழ தரையே இல்லாத இடத்துல, ஒரு ஆள் நிக்கிறான். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கிடக்கு. இடுப்புக்கிட்ட பித்தளை மஞ்சளா மினுங்குது, அதுக்குள்ள வலது கை. தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, எப்பவும் நிக்கிற மாதிரியே, சந்தியாகு நிக்கிறான். ஊதிக்கிட்டே இருக்கான்.

அவன் கெட்டவன் இல்லடி. பேயாட்டம் பிள்ளையைப் பிடிச்சுத் திங்க வரல. அவன் வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கான். எல்லாரும் வந்தாச்சுன்னு அன்னைக்கு அவன்கிட்ட யாருமே சொல்லலையே! முதுகைத் தொட ஒரு கை வரும்னு இன்னும் நின்னுக்கிட்டு இருக்கான்.

சிசிலியாவுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. தொட்டுடலாம்னு கையை நீட்டினா. எட்டல. இன்னும் கொஞ்சம் நீட்டினா. விரலுக்கும் அந்தச் சட்டைக்கும் ஒரு சாண்தான். ஒரே ஒரு எட்டு வச்சாப் போதும். "ஏங்க"ன்னு உதடு அசையுது. ஒரு காலைத் தூக்கிட்டா.

அப்போ அவ முதுகுல ஒரு கை பட்டுச்சு.

சின்னக் கை. சூடான கை.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சு."

ஜெசிந்தா! நேரான சத்தம் காதுல விழுந்ததும் பாதியிலயே திரும்பி, அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துடுச்சு. வந்தது, வழக்கப்படி ஆத்தா முதுகைத் தொட்டுச் சொல்லிடுச்சு. சிசிலியா தூக்கின காலைப் பின்னால வச்சா. வலது கையைப் பின்னாடி விட்டு மகளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. எதிர்ல அந்த முதுகு மட்டும் லேசா அசைஞ்சுச்சு, யாரோ தூரத்துல கூப்பிட்ட மாதிரி.

சிசிலியா குசுகுசுன்னு சொன்னா, "இன்னொரு வாட்டி சொல்லு. பலமா."

"யாருக்கும்மா?"

"நீ சொல்லுடி."

ஜெசிந்தா வாயைக் குவிச்சு, பள்ளத்தைப் பார்த்துக் கத்துச்சு. "எல்லாரும் வந்தாச்சூஊஊ!"

வந்தாச்சூ... தாச்சூ... ச்சூன்னு மலை மலையாப் போய் அடங்குச்சு. அப்புறம் ஒரே அமைதி. தண்ணி சொட்டுறது மட்டும் டொப்பு, டொப்புன்னு கேக்குது. அப்புறம், கடைசியா ஒரே ஒரு ஊத்து கேட்டுச்சு. மெதுவா. பூஉஉம்ம்... அந்தச் சுருதி ஏறுச்சுடி. கொஞ்சம் கொஞ்சமா ஏறி, சிசிலியாவோட சுருதியிலயே வந்து நின்னுச்சு. சூடான கொம்பு நிக்கிற மாதிரி.

பனி விலகினப்போ அங்க யாரும் இல்ல. ஆத்தாளும் மகளும் வீட்டுக்குப் போய் சுடச்சுடத் தேயிலைத் தண்ணி குடிச்சாங்க. அப்புறம் பனி இறங்கினா சிசிலியாதான் ஊதினா, பள்ளத்தைப் பார்த்து நின்னு, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு. எதிர்ல பதில் வரல. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் இறங்குவாளாம். வராட்டி நல்லதுதான். ஆனா வரலையேன்னும் இருக்கும்ல?

ம் சொல்லு.

...தூங்கிட்டியா? சரி, அந்தப் பக்கம் திரும்பிப் படு. இந்தா, முதுகைத் தொட்டுட்டேன். எல்லாரும் வந்தாச்சு, கதையும் வீடு வந்தாச்சு. தூங்கு.