மீதி விழாத எண்

"தாயே, இந்த மடத்து வேலை எனக்கு வேண்டாம். நான் கிளம்புறேன்," என்றார் சங்குமணி.

உலகம்மை முறத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மகள் வயதுதான் அவளுக்கு. ஆனாலும் அவளைக் குருவாக நினைத்து வந்து சேர்ந்தவர் அவர். கடலோரக் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு எள்ளுருண்டையும் தண்ணீரும் கொடுக்கும் மடம் அது.

"என்னய்யா ஆச்சு?"

"நேத்து ஒரு உருண்டை மீதி. அதுக்காக, ஒண்ணா நடந்து வந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பாதையா போயிட்டாங்க. எல்லாம் என் கணக்கால வந்த வினை. கண்ணே மூடல தாயே."

"அதுக்கு?"

"எத்தனை பேர் வந்தாலும் மீதி விழாத எண் ஒண்ணு வேணும். கிடைச்சா இருக்கேன். இல்லேன்னா போறேன்."

"தேடினீங்களா?"

"பாதி வழி வந்துட்டேன். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்து இருபது. ஒண்ணுலருந்து பதினாறு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி இல்ல. எழுநூத்து இருபதைப் பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை எழுதினா போதும். ஏழும் பதினொண்ணும் பதிமூணும் கூப்பிடாமலே வந்து பந்தியில உக்காந்துக்குது!"

"அவ்வளவு எள்ளுக்கு எங்கய்யா போவேன்?"

"நான் எண்ணைச் சொன்னேன். எள்ளை இல்ல."

பந்தியில் பதினாறு பேர் காத்திருந்தார்கள். வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். கால் முழுக்கப் புழுதி.

சங்குமணி கையிலெடுத்த தட்டைக் கீழே வைத்தார்.

"பதினேழா? என் எண்ணுல அஞ்சு மீதி வருமே! கொஞ்சம் பொறுங்க."

கரித்துண்டோடு சுவருக்கு ஓடினார்.

"வயிறு ஒட்டிக் கிடக்கு சாமி," என்றார் வந்தவர். "கணக்கு வெந்ததும் கூப்பிடுங்க."

பந்தி சிரித்தது. சங்குமணி திரும்பவில்லை. பெருக்கினார். அழித்தார். மறுபடி பெருக்கினார்.

உலகம்மை தட்டை எடுத்தாள். உருண்டைகளை எல்லாம் உதிர்த்துப் பொடியாக்கினாள். வாசலில் நின்றவரிடம் தொடங்கி, கை போன அளவுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டே போனாள்.

"கிடைச்சிருச்சு தாயே!" சங்குமணி கத்தினார். "ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூத்து நாப்பது! பதினேழு பேருக்கும் மீதி இல்ல!"

பந்தியில் யாரும் இல்லை. எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மை தட்டை நீட்டினாள்.

"நிறைஞ்சிருச்சு அய்யா."

அடுக்களையில் ஒன்று தீர்ந்துபோனால் இல்லை என்று யார் சொல்வார்கள்?

அவர் வெறும் தட்டைப் பார்த்தார்.

"இதை வகுத்துப் பாருங்க," என்றாள். "எத்தனை பேருக்கு வேணும்னாலும்."

பதினேழால் வகுத்தார். பதினெட்டால். பத்தொன்பதால். நூறால். எதிலும் மீதி விழவில்லை.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது.

"எத்தனை பேருன்னு எண்ணிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் தாயே," என்றார். முறத்தோடு அடுப்படிக்குப் போனார்.