சென் டாக்டர் பலகை

அழகர்மலை அடிவாரத்தில் மீனலோசனி அம்மாள் இருந்த இடத்தை மடம் என்று சொன்னால் மற்ற மடங்கள் கோபித்துக்கொள்ளும். இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு நாவல் மரம், அவ்வளவுதான். அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து துறவுக்கு வந்தவர். வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் கூடலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்பது. மகள் வயதுள்ளவரை 'அம்மா' என்று கூப்பிட அவருக்கு முதல் நாள் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை கூடலிங்கம் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். கும்பிட்ட கையை எடுத்து நேராக வாயைப் பொத்திக்கொண்டார்.

"பல்லு எங்க, ஐயா?" என்றார் அம்மாள்.

"சட்டைப் பையில இருக்கும்மா. ஞாயித்துக்கிழமையிலிருந்து போட்டா உறுத்துது."

"புதுப் பல்செட்டா?"

"பதினோரு வருஷமாப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அம்மாள் முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். பல் இல்லாதவருக்கு முறுக்கு! கூடலிங்கம் மறுபேச்சில்லாமல் ஒன்றை உடைத்து டீயில் ஊறப் போட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஒரு சாமான் எந்த ஊர்ல செஞ்சதுன்னு சொல்லிக் கேலி பண்ணா, அந்த ஊர்க்காரனையும் தாழ்த்திப் பேசுன மாதிரி ஆகுமா?"

"யாரு கேக்குறது?"

"எங்க ரேடியோக் குழுவுல ஒரு விவாதம்..."

"குழுவா இங்க வந்து உக்காந்திருக்கு?"

கூடலிங்கம் டீ கிளாசுக்குள் பார்த்தார். முறுக்கு ஊறிக்கொண்டிருந்தது.

"தாமஸ் குழுவை விட்டே போயிட்டான்மா," என்றார்.

பழைய ரேடியோப் பிரியர்களுக்காக அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழு அது. மதுரையிலும் சுற்றுப்பட்டிலுமாக எண்ணூற்று நாற்பது பேர். அதில் ஞாயிறுதோறும் ஒரு சடங்கு உண்டு. அந்த வாரத்தில் வாங்கியதிலேயே மட்டமான சாமானைப் படம் பிடித்துப் போட வேண்டும். ஜெயிக்கிற படத்துக்கு 'வாரச் சைனா' என்று பட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் கூடலிங்கம்தான். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. போகப் போக அந்தச் சொல் ரேடியோவோடு நிற்கவில்லை. அரைகுறையாகச் செய்தால் சைனா வேலை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் சைனா பார்ட்டி. யாரும் யோசிக்கவில்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார்கள்.

தாமஸ் சென் அதே குழுவில்தான் இருந்தார். கீழவாசலில் பிறந்து வளர்ந்த பல் டாக்டர். அவருடைய அப்பா சீனாவிலிருந்து கப்பலேறி வந்து மதுரையில் தொழில் நடத்திய பழைய சென் டாக்டர். கூடலிங்கத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கூடலிங்கத்தின் பல்செட்டைக் கட்டியதும் தாமஸ்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தாமஸ் குழுவில் ஒரே ஒரு வரி எழுதினார்: "மாப்ள, அந்தப் பட்டத்துக்கு வேற பேரு வையேன்."

"நீங்க என்ன எழுதுனீங்க?" என்றார் அம்மாள்.

"குழு விதியை எடுத்துப் போட்டேன்மா. நான் எழுதுன விதிதான். நாலாம் நம்பர். பொருளைக் கேலி பண்ணலாம், ஆளைக் கேலி பண்ணக் கூடாது. 'நாம சாமானைத்தான் சொல்றோம், ஆளை இல்ல'ன்னு போட்டேன். நூறு பேருக்கு மேல சிரிச்ச மூஞ்சி போட்டாய்ங்க."

"அப்புறம்?"

"தாமஸ் சென் வெளியேறினார்னு காட்டுச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான். அறுபத்து மூணு வருஷப் பழக்கம்மா. நான் எழுதுனதுல என்ன தப்புன்னு சத்தியமா எனக்குப் புரியல."

அம்மாள் தட்டில் சிந்திய முறுக்குத் தூளை விரலால் ஒதுக்கினார்.

"உங்களுக்கு ரேடியோப் பைத்தியம் எங்க பிடிச்சுச்சு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. வாயைப் பொத்தக்கூட மறந்துவிட்டார்.

"சென் டாக்டர் ஆஸ்பத்திரியிலதாம்மா! பெரிய வால்வு ரேடியோ. போட்டதும் பேசாது, சூடாகணும். பச்சைக் கண்ணு மாதிரி ஒரு வெளக்கு மெதுவா முழிக்கும். நானும் தாமஸும் படியில உக்காந்து கேப்போம். உள்ள பல்லுப் பிடுங்கும்போது ஆளு கத்துறது வெளிய கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சத்தத்தைக் கூட்டிருவாரு. நல்ல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும், திடீர்னு தெருவுக்கே கேக்கும். 'ஒரு பல்லு போச்சு'ன்னு தாமஸ் சொல்வான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்."

அந்தக் கிராம்புத் தைல வாசனை இப்போதும் மூக்கில் இருப்பதுபோல் அவர் ஒருமுறை மூச்சை இழுத்தார். அந்தப் படியை இடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"வாசல்ல பெரிய பலகை இருக்கும்மா. 'சீனப் பல் வைத்தியர் சென்'. 'சீன'ங்கிறதுதான் அதுல பெரிய எழுத்து. அப்பல்லாம் அதைப் பாத்துத்தான் சனம் வரும். சைனாக்காரர் கட்டுன பல்லு அசையாதுன்னு திருமங்கலத்துலருந்து வண்டி கட்டிக்கிட்டு வருவாய்ங்க."

"அந்தப் பலகை கடைசி வரைக்கும் இருந்துச்சா?"

கூடலிங்கத்தின் குரல் இறங்கியது.

"சீனாவோட சண்டை வந்த வருஷம் எனக்கு ஆறு வயசு. ஒரு நாள் காலையில போய்ப் பாத்தா, 'சீன'ங்கிற எழுத்து மேல தார். யாரு எறிஞ்சாய்ங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல. தெருவுல எல்லாரும் டாக்டர்கிட்ட நல்லாத்தான் பேசுனாய்ங்க. 'கோபம் சீனா மேலதான் டாக்டர், உங்க மேல இல்ல. நீங்க நம்ம ஆளு'ன்னாய்ங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரும்மா. அன்னிக்குப் பல்லுப் பிடுங்க ஆளே வரல, ஆனா ரேடியோச் சத்தம் தெருவுக்கே..."

நாவல் மரத்தில் ஒரு அணில் மேலே போய்க் கீழே வந்தது.

"தாரு பலகை மேலதானே விழுந்துச்சு, ஐயா?" என்றார் அம்மாள். "ஆளு மேல இல்லையே."

கூடலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு இன்னொரு முறை துடைத்தார். டீயில் ஊறிய முறுக்கு கரைந்தே போய்விட்டது.

"இன்னிக்கு அவன் வீட்டுக்குப் போறேன்மா," என்றார். "தனியாப் பாத்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன். கால்ல விழுகச் சொன்னாலும் விழுகுறேன். ரெண்டு பேருக்குள்ள முடிஞ்சு போயிரும்."

"அந்தத் தாரை யாரு துடைச்சா?"

"எங்கப்பாதாம்மா. எதுத்த கடை ஏணியை வாங்கிப் போட்டு, மண்ணெண்ணெயில துணியை நனைச்சு, ஒவ்வொரு எழுத்தாத் துடைச்சாரு. நான்தான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"எந்த நேரத்துல?"

"காலையில பத்து மணி இருக்கும். கடைத்தெரு பூராக் கூட்டம், எல்லாரும் நின்னு பாத்தாய்ங்க. எங்கம்மாகூடத் திட்டுச்சு. ஆளில்லாத நேரமாப் பாத்துச் செஞ்சிருக்கக் கூடாதான்னு..."

அம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடலிங்கம் மெதுவாகப் போனை எடுத்தார். குழுவைத் திறந்தார். குரல் பதிவுப் பொத்தான்மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

"எண்ணூத்தி நாப்பது பேரு இருக்காய்ங்கம்மா."

"எண்ணூத்தி முப்பத்தொம்பது," என்றார் கணக்கு டீச்சர்.

கூடலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். விரல் பொத்தானை அழுத்தப் போனது.

"அத்தனை பேருக்கும் நல்லாப் புரியணும், ஐயா," என்றார் அம்மாள். "தாமஸ் கட்டுன பல்லைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க."