பீர்க்கங்காய்க்கு நார் வந்த கோடை

கொடியும் ஆடும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், பீர்க்கங்கொடிக்குச் சாவு கிடையாது. ஒருமுறை கூரையில் ஏறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் பூத்துக் காய்க்கும். அதன் காயில் அப்போது நாரும் இல்லை. பறிக்காமல் விட்டால் அழுகி விழுந்துவிடும்.

அந்நாளில் மேட்டுக்காட்டில் பூவாத்தாள் என்றொருத்தி குடியிருந்தாள். அந்த வருஷம் மழை பொய்த்தது. அவள் கணவன் செங்கோடன் மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடி மலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும், ஐந்து மாதக் கைக்குழந்தையும், ஒரு வெள்ளாடும்தான். காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. ஆட்டுப்பாலைக் காய்ச்சித்தான் குழந்தைக்குக் கொடுத்தாள்.

வெகுதூரம் நடந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அப்படியும் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சொட்டு வீணாக்காமல் கூரைமேல் படர்ந்திருந்த பீர்க்கங்கொடியின் வேரில் ஊற்றுவாள். "இவ்வளவுதான் இருக்குது கண்ணு, குடிச்சுக்க" என்பாள். அக்கம்பக்கத்துக் கொடிகளெல்லாம் கருகிய பிறகும் அது மட்டும் பச்சையாக நின்றது.

ஒரு நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பூவாத்தாள் ஆட்டின் முன்னால் போய் நின்றாள்.

"உன் பாலுலதான் ஏதோ கோளாறு. என்னத்தைத் தின்னே?"

"சருகைத் தவிர எனக்கு என்ன கிடைக்குது அம்மிணி?" என்றது ஆடு. "என் பால் நல்ல பால்தான். காய்ச்சற சட்டியை மோந்து பாருங்க."

மோந்து பார்த்தாள். புளித்த வாடை அடித்தது. சட்டியின் அடியில் தீய்ந்த பால் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. மணலைப் போட்டுத் தேய்த்தாள். வெடித்திருந்த விரல்களில் மணல் புகுந்து ரத்தம் கசிந்ததே தவிர, கறை போகவில்லை. துணியால் தேய்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. மாற்றுச் சட்டி கிடையாது. பானை செய்கிறவர்கள் பஞ்சத்துக்கு ஊரை விட்டே போயிருந்தார்கள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

கூரைமேலிருந்து கொடி அதைப் பார்த்தது.

"அக்கா, உச்சியில ஒரு காய் இருக்குது. அதைப் பறிக்காம விடு. நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்க" என்றது.

அவள் உள்ளே போனதும் ஆடு கேட்டது: "காய்க்குள்ள என்ன வைக்கப்போறே?"

"என் நரம்பை."

"நரம்பு போனா நீ எப்படி நிப்பே?"

"நிக்க மாட்டேன்" என்றது கொடி. "இந்த வறட்சியில யாரு எனக்குத் தண்ணி ஊத்துனா? நான் இத்தனை நாள் நின்னதே அவளாலதான். அவகிட்டச் சொல்லிடாதே."

வேரிலிருந்தும் தண்டிலிருந்தும் இலையிலிருந்தும் தன் நரம்பையெல்லாம் அது ஒன்றுவிடாமல் உருவி, அந்த ஒரே காய்க்குள் வலையாகப் பின்னியது.

மறுநாள் மத்தியானம் பூவாத்தாள் அந்தக் காயை எடுத்தாள். கொடி துவண்டிருந்ததை உச்சி வெயிலின் வாட்டம் என்று நினைத்துக்கொண்டாள். காய் சருகாகக் காய்ந்து, கனமே இல்லாமல் இருந்தது. ஆட்டினாள். நுனி மூடி கழன்று கறுப்பு விதைகள் கொட்டின. தோலை உரித்தாள். உள்ளே முழுக்க நார்!

சட்டியில் தண்ணீர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு, அடுப்புச் சாம்பலைத் தூவி அந்த நாரால் தேய்த்தாள். கை எரியவில்லை. கறை பெயர்ந்து வந்தது. கொதிநீரால் அலசி, சட்டியை வெயிலில் கவிழ்த்தாள். அது நன்றாகக் காய்ந்த பிறகே அதில் பாலைக் காய்ச்சினாள்.

இரண்டு நாள் சட்டியைக் கவனமாகத் தேய்த்துத் தேய்த்துப் பால் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் குழந்தை பசியில் வீடே அதிர அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொடியிடம் சொல்ல வெளியே ஓடினாள்.

கொடி கூரைமேல் பட்டுப்போய்க் கிடந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. ஆடுதான் நடந்ததைச் சொன்னது.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"விடமாட்டீங்கன்னுதான் அது சொல்லலை, அம்மிணி."

அடுத்த வாரம் மழை பெய்தது. செங்கோடன் வந்து சேர்ந்தான். வந்ததும், "என்ன புள்ள, காஞ்ச கொடியை இன்னும் வெச்சிருக்கே? அடுப்புக்காவது ஆகும்" என்று கூரைப்பக்கம் கையை நீட்டினான்.

"அதைத் தொடாதீங்க. நம்ம பிள்ளை உசுரோட இருக்குதுன்னா அதனாலதான்" என்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் தானே மண்வெட்டியை எடுத்து வந்து குழி பறித்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றினாள்.

பீர்க்கங்கொடி ஒரே பருவத்தில் பட்டுப்போவதும், முற்றிய காய்க்குள் நார் இருப்பதும் அன்றிலிருந்துதான். எவ்வளவு ஆசையாகப் பறித்துச் சமைத்தாலும், கொடியில் ஒரு காயையாவது காயவிட்டு வைக்கிறோமே, அது பூவாத்தாள் வீட்டில் தொடங்கிய வழக்கம்.